இடப்பக்கம் சாய்ந்த சைக்கிள்

கம்பைநல்லூர் ரோட்டோரப் பட்டறையில் அமல்தாஸின் சைக்கிள் நிற்கிறது. முன்சக்கரத்தை வெகுதூரம் தள்ளி, கைப்பிடியை மாட்டுக்கொம்பு போல மேலே தூக்கி, அவனே குழாய்களைப் பற்றவைத்துச் செய்த நீள சைக்கிள். அதில் பூட்ட இரண்டு பெட்ரோல் இஞ்சின்கள் சாக்கின்மேல் இருக்கின்றன. "மருந்தடிக்கிற மிஷின் இஞ்சின் உங்க எடையை இழுக்காதுங்கண்ணா. புல்லு வெட்டறதோடத போட்டுக்கோங்க" என்கிறான் மெக்கானிக் நவநீதன். அந்தப் புல்வெட்டி இஞ்சினின் சிவப்புப் பெயின்ட் இன்னும் விரலில் ஒட்டுகிறது. போன மாதம் அமல்தாஸின் தோப்பிலிருந்து காணாமல் போனதும் புல் வெட்டும் மிஷின்தான், அது பச்சை.

"எங்கடா வாங்குன?"

"சேலத்துலங்க. இன்னும் கயிறு இழுத்து ஸ்டார்ட்டே பண்ணிப் பாக்கல."

"அதுக்குள்ள பெயின்ட்டு எதுக்கு?"

"சைக்கிளு கல்யாண மாப்ள மாதிரி நிக்குது. இஞ்சினு அழுக்கா இருக்கலாமுங்களா?"

அமல்தாஸ் சிரிக்கவில்லை. தொலைந்த மிஷினின் இஞ்சினுக்கு ஒரு கோளாறு உண்டு; இடப்பக்கம் நன்றாகச் சாய்த்தால்தான் அது உயிர் பிடிக்கும். அது அவனுக்கும் அவன் மனைவி பிளசிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. நவநீதன் இரும்புப் பட்டையால் இஞ்சினைச் சட்டத்தோடு இறுக்குகிறான், செயினை மாட்டுகிறான், பெட்ரோல் ஊற்றுகிறான். கயிற்றைப் பிடித்தவன், பழகிய கையாக, சைக்கிளை இடுப்பில் தாங்கி இடப்பக்கம் சாய்க்கிறான். ஒரே இழுப்பு. இஞ்சின் படபடக்கிறது, கூரைத் தகரம் அதிர்கிறது. அமல்தாஸ் குனிந்து அதை நிறுத்துகிறான்.

"இப்ப நேரா நிமித்தி வச்சு இழுடா, பாக்கலாம்."

கூரை ஓட்டை வழியே விழும் வெயில், கயிற்றைப் பிடித்த நவநீதனின் புறங்கையில் கிடக்கிறது. கை அசையவில்லை.