வறுத்த ஓடு இரண்டு கைப்பிடி

“அத்தா, மறுபடியும் வறுத்த முந்திரி ஓடு கலந்திருக்கு. வறுத்தா எண்ணெயெல்லாம் போயிடும்னு எத்தனை தடவை சொல்றது? அவிச்ச ஓடா பார்த்து அனுப்புங்க!”

இர்ஃபானா போனை வைத்துவிட்டாள்.

நெய்வேலி பஜாரில் முந்திரிக்கடை வைத்திருக்கும் அப்துல் மஜீதுக்கு, போனைக் காதிலிருந்து எடுக்க மனமில்லை. குரல் அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

“பொண்ணுதானே பாய்?” பக்கத்துக் கடை குமரவேல் எட்டிப் பார்த்தார். “இங்க வரைக்கும் கேக்குது. பெத்த அப்பனை இந்த விரட்டு விரட்டுதே! நல்லா இருக்கீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“அவ வேலை அப்படிங்க.”

கோயம்புத்தூரில் ஒரு காலேஜ் லேபில் ஆராய்ச்சி செய்கிறாள் இர்ஃபானா. சோளத்திலிருந்து எடுக்கும் மக்கும் பிளாஸ்டிக், நெருப்பு பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்கிறதாம். பிடிக்காமலிருக்கக் கலக்கும் கெமிக்கல்களில் சிலது உடம்புக்கு ஆகாதாம். அதனால் முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்தே ஒரு மருந்து கண்டுபிடிக்கிறாள். அதற்குத்தான் மாதம் ஒரு மூட்டை ஓடு.

மூன்று வருடம் முன்பு நிக்காஹ் பேசி முடித்த நேரத்தில், “படிப்புதான் முதல்ல” என்று கிளம்பிப் போனவள். “போனா என்கிட்ட பேசாத!” என்று கத்தினார் மஜீது. கத்திய வாய்க்கு மறுபடி கூப்பிட வரவில்லை. அவர் மகளாயிற்றே, அவளுக்கு மட்டும் வீம்பு குறைச்சலா? ஊர்ப் பக்கமே வரவில்லை. அம்மா முனவராவோடு மணிக்கணக்கில் பேச்சு. அத்தாவோடு ஓட்டைப் பற்றி மட்டும்.

குமரவேலுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. மூட்டைக்கு இரண்டு கைப்பிடி வறுத்த ஓடு கலப்பது மஜீதேதான். ஆரம்பத்தில் நல்ல ஓடாக அனுப்பிய மாதங்களில் போனே வந்ததில்லை. திட்டுவதற்காவது அந்தக் குரல் வரட்டுமே என்று மாதம் முழுக்க ஏங்கிக் கிடந்தார் மனுஷர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சத்யப்பிரியா கடைக்கு வந்தாள். இதே டவுன்ஷிப் பெண். இர்ஃபானாவோடு ஒரே லேப், ஹாஸ்டலிலும் ஒரே ரூம்.

“பிளாஸ்டிக் தேறிடுச்சு அங்கிள்!” பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து லைட்டரைக் காட்டினாள். பற்றியது. லைட்டரை எடுத்ததும் தானாக அணைந்துபோனது. “எல்லாம் உங்க பொண்ணு வேலை.”

மஜீதுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி உழைக்கிற பிள்ளையையா ஏமாற்றினோம் என்று வெட்கமாக இருந்தது. உள்ளே போய் ஒரு மூட்டையைத் தூக்கி வந்தார்.

“போறப்ப இதைக் கொண்டு போம்மா. அத்தனையும் அவிச்ச ஓடு. இனிமே கலப்படம் இருக்காதுன்னு சொல்லு.”

“ஓடா? எதுக்கு அங்கிள்? எட்டு மாசமா நாங்க பண்ருட்டியிலேர்ந்து எண்ணெயாவே வாங்கறோமே!”

“அப்ப நான் அனுப்பின மூட்டையெல்லாம்?”

“எட்டும் அவ கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. தூக்கிப் போடுடின்னா சண்டைக்கு வர்றா.”

“பிரிச்சுப் பார்த்திருப்பாளே?”

“எங்க! நீங்க போட்ட தையல்கூட அப்படியே இருக்கு.”

பிரிக்காத மூட்டைக்காகவா எட்டு மாதமாக இத்தனை திட்டு?

மஜீது போனை எடுத்தார்.

“இர்ஃபானா... அத்தாதாம்மா. ஓடு விஷயமா கூப்பிடல.”