பேர் போன படம்

பல்வலியோடு கிளினிக்குக்குள் நுழைந்தவர், சுவரைப் பார்த்ததும் பல்வலியை மறந்துபோனார்.

"இது நான் எடுத்த படம்!"

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பூங்கா பெஞ்சில் தனியாக ஒரு பெரியவர். நரைத்த தாடி, தலையைச் சுற்றி மஃப்ளர், எங்கேயோ பார்க்கும் கண்கள்.

அவர் எடுத்ததுதான். ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருந்த கேமராவை நம்பி வேலையை விடத் தைரியம் கொடுத்ததே இந்தப் படம்தான். போட்டியில் பரிசு வாங்கி, காலண்டராகி, வாழ்த்து அட்டையாகி, இப்போது குடும்பத்துக்கே சோறு போடுகிறது.

"கீழ என் பேர் இருக்கும். அந்தப் பக்கத்தையே வெட்டி எறிஞ்சுட்டு பிரேம் போட்டிருக்காங்க பாரு. பட்டப்பகல் கொள்ளை!"

"மொதல்ல டாக்டர்கிட்ட பல்லைக் காட்டுங்க. அப்புறமா சண்டை போடலாம்."

"உனக்குத் தொழில் புரியாது. பேர் போச்சுன்னா ஆர்டர் எப்படி வரும்?"

நேராக டோக்கன் கொடுக்கும் இடத்துக்குப் போனார். மழமழவென்று சவரம் செய்த முகமும் இஸ்திரி போட்ட சட்டையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"இந்தப் படத்தை மாட்டினது யாரு?"

"நான்தான் தம்பி. ஏன், கோணலா இருக்கா?"

"கிண்டலா? ராத்திரி பகலா கண்ணு வலிக்க உக்காந்து சரிபண்ணின படம் சார் இது! அந்த முகத்துல இருக்கற ஒவ்வொரு சுருக்கமும் எனக்கு மனப்பாடம். நீங்க பாட்டுக்குக் கத்திரிக்கோலை எடுத்து வெட்டுவீங்களா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

காத்திருந்தவர்களில் ஒரு அம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே தலையாட்டினாள். "நியாயந்தானே? உழைச்சவன் பேரை வெட்டினா வயிறு எரியாதா?"

ஆதரவு கிடைத்ததும் குரல் இன்னும் ஏறியது.

"பேரை மட்டுமா? 'பிள்ளைகள் துரத்திய அப்பா'ன்னு நான் வெச்ச தலைப்பும் போச்சு. பரிசே அந்தத் தலைப்புக்குத்தான்!"

"அவரைப் பிள்ளைங்க துரத்திட்டாங்கன்னு யார் தம்பி சொன்னது?"

"சொல்லணுமா? பார்த்தாலே தெரியல? முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடறதுதான் சார் எங்க தொழில். நீங்க டாக்டரைக் கூப்பிடுங்க. கேஸ் போடாம விடமாட்டேன்."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சத்தம் கேட்டு டாக்டரே கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"படம் எடுத்தவராம்" என்றார் டோக்கன்காரர்.

டாக்டர் புகைப்படக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் வந்து, அடங்கியது தெரிந்தது.

"உங்க காலண்டரை வாங்கித்தான் சார் பிரேம் போட்டோம். உங்க பேரை வெட்டணும்னு நினைக்கல. தலைப்பை வெட்டினோம். பேரும் அதே வரியில இருந்ததால சேர்ந்து போயிடுச்சு."

"தலைப்பை எதுக்கு வெட்டணும்?"

"காலண்டரைப் பார்த்துட்டு சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம போன் பண்ணி என்னைக் காறித் துப்பினாங்க சார். அது எங்கப்பா. வண்டியை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள கால் வலிக்குமேன்னு நான்தான் அவரை அந்த பெஞ்சுல உக்கார வெச்சுட்டுப் போனேன். நீங்க எங்கிருந்து எடுத்தீங்களோ, எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது."

கன்னத்தைப் பிடித்திருந்த அம்மாள் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அப்படியும் ஏன் மாட்டினீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள் மனைவி.

"படம் அழகா இருக்குன்னு அப்பா ஆசைப்பட்டார்மா."

புகைப்படக்காரர் டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினார். உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

"நான் அவரை நேர்ல பார்த்து மன்னிப்புக் கேக்கணும், டாக்டர். இப்ப எங்க இருக்கார்?"

டோக்கன்காரர் ஒரு டோக்கனை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

"தாடியை மட்டும்தான் எடுத்தேன் தம்பி. சுருக்கமெல்லாம் அப்படியேதான் இருக்கு."