நூறு வரைக்கும்

“இந்தக் காது மெஷினைத் திருப்பி எடுத்துக்குங்க மேடம். ஆறு மாசமா கத்திக் கத்தி எங்களுக்குத் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. அப்பாவுக்கு ஒண்ணும் கேக்கல” என்று மகன் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தான். பெரியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தினமும் மாட்டிக்கிறாரா?” என்று கேட்டாள் அதை விற்ற பெண்.

“எங்க? டப்பாவுலயே தூங்குது. இங்க வரணும்னுதான் இன்னிக்கு மாட்டியிருக்கார்.”

அவள் பெரியவரின் காதிலிருந்த கருவியைக் கணினியோடு இணைத்தாள்.

“இதுல எல்லாம் பதிவாகும் சார். தினமும் பதினாலு மணி நேரம் மாட்டியிருக்கார்.”

“அப்ப மெஷின்தான் டுபாக்கூர்!”

“மெஷின்ல கோளாறு இல்ல. ஆனா பேச்சுக் குரல்னு பதிவானது, ஒரு நாளைக்கு நாலே நிமிஷம்.”

“பாத்தீங்களா? வீட்ல அஞ்சு பேர் வாய் ஓயாம பேசறோம். நாலு நிமிஷம்தான் புடிச்சிருக்கு!”

“பக்கத்துல யார் பேசினாலும் புடிக்கும் சார். இப்ப நீங்க பேசறதையும் புடிக்குது, பாருங்க.” அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். “வீட்ல அவர் பக்கத்துல யாரும் பேசல.”

மகனின் குரல் இறங்கியது. “அதான் நாலு நிமிஷம் பேசறோமே... பின்னாடி ரூம்ல சாப்பாடு வைக்கப் போறப்ப...”

பெரியவர் முதல்முறையாக வாய் திறந்தார்.

“அது நான்தாம்மா. நாளெல்லாம் ஒரு சத்தமும் வரலியே, மெஷின் ரிப்பேரோன்னு காலையில ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் சொல்லிப் பாப்பேன். நல்லாத்தான் கேக்கும்.”