பதினோராவது கைநாட்டு

"ஒரு ஆளுக்கு எத்தனை இடது கட்டைவிரல் சார் இருக்கும்?"

பூங்கோதை இப்படிக் கேட்டதும், மேனேஜர் அருணகிரி சிவப்புப் பென்சிலைச் சீவுவதை நிறுத்தினார்.

எண்பத்தொன்றாம் வருடம். எம்.காம். மாணவி பூங்கோதை, ஆலங்காயத்தில் இருந்த அந்த வங்கிக் கிளைக்கு இரண்டு மாதப் பயிற்சிக்கு வந்திருந்தாள். எந்தக் கடன் திரும்பாது என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, அந்தப் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு போட வேண்டும். அதுதான் பயிற்சி.

முதல் நாளே அருணகிரி சொல்லிவிட்டார்: "கடன்காரன் முகத்தைப் பார்க்காதே. பார்த்தா இரக்கம் வரும், பேங்க்கை மூட வேண்டியதுதான். காகிதத்தைப் பாரு."

பார்த்தாள். லென்ஸ் வைத்துப் பார்த்தாள்.

"புதூர்நாட்டுக் கருப்பன். கறவை மாட்டுக் கடன். போன ஆவணி வரைக்கும் தவணைச் சீட்டுல ஒரே ரேகை. அதுக்கப்புறம் பதினோரு மாசம், பதினோரு விரல். ஒண்ணுக்கொண்ணு ஒட்டல."

"தவணை தவறியிருக்கா?"

"இல்ல சார். ஆனா போலிக் கைநாட்டு. மாட்டைப் பிடிச்சாகணும்."

"நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து சிவப்பு போடு."

காகிதம் போதும் என்றவரா இப்படிச் சொல்கிறார்? பூங்கோதைக்கு வியப்பாக இருந்தது.

ஜீப்பை விட்டு இறங்கி ஒரு மணி நேர மலையேற்றம். நடுப்பகலிலேயே மேகம் மூடியிருந்தது. மொத்தம் பதினோரு கூரை. நாய்கூடக் குரைக்கவில்லை.

மாட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள் ஒருத்தி. கருப்பனின் மனைவி மாதம்மாள்.

"கருப்பன் இருக்காரா?"

"இருக்காரு. உள்ள வாம்மா. பாத்து, அவரு கால மிதிச்சிடாத."

குனிந்து நுழைந்தாள். சுவரோரம் பாய். அதன்மேல் ஒரு கம்பளி. பக்கத்தில் வட்டில் நிறையச் சாமைச் சோறு, ஆவி பறந்தது.

பாயில் ஆள் இல்லை.

"எங்கம்மா?"

"அதோ, படுத்திருக்காரே."

வெளியே ஓடி வந்த பூங்கோதையைப் பக்கத்து வீட்டு மாதையன் நிறுத்தினார்.

"இன்னாம்மா, பயந்துட்டியா? அவன் பாம்பு கடிச்சு செத்து வருசம் ஆவப் போவுது."

"அப்போ அந்தம்மா..."

"கடனோட செத்தவனுக்கு எங்க ஊருல கருமாதி கெடையாது. தீர்ற வரைக்கும் அவன் வூட்டுலதான் இருப்பான். சோறு வெக்கணும். தீர்ந்தாத்தான் அனுப்பி வெக்க முடியும். அவ ஒருத்தியால ஆவுமா? அதான் மாசத்துக்கு ஒரு வூடு. மீதி பத்து வூட்டுல யாரு முறையோ, அவங்க கீழ போயி கட்டிட்டு, அவன் பேர்ல விரல வெப்போம். அன்னிக்கு ஒரு நாளு நாங்கதான் அவன்."

"தப்புங்க. தெரிஞ்சா மாட்டை ஓட்டிட்டுப் போயிடுவாங்க."

"மாடு போனா இவ புள்ளைங்க இன்னா பண்ணும்? அவன் எப்பிடிப் போவான்? இன்னும் ஏழு மாசந்தான்மா."

பூங்கோதை மனதுக்குள் எண்ணினாள். பத்து வீடு. பதினோரு விரல்.

"ஐப்பசி யாரு முறைங்க?"

"ஐப்பசியா? அடமழ. மலப்பாத அறுத்துக்கிச்சு. அந்த மாசம் யாரும் எறங்கலியே!"

பையிலிருந்து ஐப்பசிச் சீட்டை எடுத்தாள். ரேகையின் குறுக்கே, வெட்டியது போல ஒரு வெள்ளைக் கோடு.

"ஆனா கட்டியிருக்குங்க."

மாதையன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்த இருட்டு வாசலைப் பார்த்து நின்றார். வெளியே வந்த மாதம்மாள் சீட்டை வாங்கித் தடவினாள்.

"அந்த மழையில ஒரு நாளு விடியக்காத்தால கம்பளி நனைஞ்சிருந்துச்சு," என்றாள் மெதுவாக. "நான் கூர ஒழுவுதுன்னு இருந்துட்டேன்."

இறங்கும் வழியெல்லாம் பின்னால் யாரோ நடந்து வருவது போலவே இருந்தது. பூங்கோதை திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் எல்லாவற்றையும் சொன்னாள். அருணகிரி இடைமறிக்காமல் கேட்டார்.

"சிவப்பு போட்டியா?"

"இன்னும் இல்ல சார். பத்து ரேகைக்கு ஆள் தெரிஞ்சுபோச்சு. ஐப்பசிக்குத்தான் தெரியல."

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"செத்தவரே மழையில இறங்கி வந்து கட்டினாராம்."

அருணகிரி சிரிக்கவில்லை. மேசையிலிருந்த பிளேடை எடுத்தார். இடது கட்டைவிரலை முட்டுக் கொடுத்து, சிவப்புப் பென்சிலைச் சீவத் தொடங்கினார்.

"அப்படியே எழுதிடும்மா," என்றார், தலை நிமிராமல்.

அந்த விரலின் குறுக்கே, வெள்ளையாக, ஒரு பழைய பிளேடு தழும்பு.