ரோசாக் கலர் சதாசிவம்

“கூட இருந்தே குழி பறிக்கிறதுன்னா இதுதான்! நான் கப்பல் ஏறணும், நீ இங்கே இருக்கணும். அதுக்குத்தானே தகரம் வெட்டுறே?”

தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்து வாசலில் நின்று ஐயாசாமி சத்தம் போட்டான். நேற்றுவரை ‘அண்ணே’ என்று கூப்பிட்ட வாய்.

சதாசிவம் நிமிரவில்லை. மண்ணெண்ணெய்த் தகரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கத்தரியை ஓட்டினான்.

ரப்பர் விலை தரைதட்டிக் கிடந்த வருஷம் அது. மலாயாவில், செடெனாக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பழைய பால்மரங்களைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிச் சாய்க்கிற மரத்துக்குச் சிவப்பு, விட்டுவைக்கிற மரத்துக்கு வெள்ளை. ஒரு கையில் பெயிண்டு, மறு கையில் பிரஷ். அதனால் இரண்டு ஆள். சிவப்புக்குச் சதாசிவம், வெள்ளைக்கு ஐயாசாமி.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிக்குத்தான் அந்த யோசனை உதித்தது.

“ரெண்டு கலரையும் ஒரே கையிலே தூக்குற மாதிரி ஒரு தகரம் செய், சதாசிவம். அப்புறம் ஒரு ஆள் போதும். செஞ்சவன் நீ, நீயே இருந்துக்க. அவனை ஊருக்கு அனுப்பிடலாம்.”

“சரிங்க,” என்றான் சதாசிவம்.

அந்தச் ‘சரிங்க’வைத்தான் ஐயாசாமியால் தாங்க முடியவில்லை. அவன் மனைவி செல்லத்துக்கு ஏழாம் மாசம். ஊரில் போய் இறங்கினால் ஒண்டிக்கொள்ள ஒரு கூரை கிடையாது.

ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவன் கண் சதாசிவத்தின் கையை விட்டு நகரவில்லை. திட்டிக்கொண்டே பார்த்தான்.

முதலில் பாக்குமட்டையில் ஒரு மாதிரி. பிறகுதான் தகரம். நடுவில் ஒரு தடுப்பு, விளிம்பைவிட நாலு விரல் உயரமாக. தடுப்பின் தலையிலேயே கைப்பிடி, அப்போதுதான் எந்தப் பக்கமும் சாயாது. நடக்கும்போது ததும்பினாலும் வெளியே வராதபடி வாயை உள்பக்கம் மடக்கினான். பிரஷ் மாட்ட இந்தப் பக்கம் ஒரு கொக்கி, அந்தப் பக்கம் ஒரு கொக்கி.

ஒரு தகரத்துக்கா இவ்வளவு மூளை! ஆத்திரத்திலும் ஐயாசாமிக்கு வாய் பிளந்தது. ஈயம் பற்றவைத்த இடத்தை நகத்தால் தேடினாலும் அகப்படாது. அந்தத் தோட்டத்தில் சதாசிவம் கைபட்ட பால்வாளி எதுவும் இதுவரை ஒழுகியதில்லை.

ஒரு சாயங்காலம், தகரத்தைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான் சதாசிவம். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

“என்ன, சரியா வரலியா?”

“வரலைப்பா.”

“எப்படி வரும்? அடுத்தவன் வயித்துல அடிக்கிற வேலையாச்சே!”

மறுநாள் முழுக்க அங்கே மறுபடியும் தகரம் தட்டும் சத்தம்.

வியாழக்கிழமை துரையே வந்துவிட்டார். கூடவே கிராணி. வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம்.

சதாசிவம் இரண்டு பக்கமும் பெயிண்டு ஊற்றி, சரிவில் ஏறினான். ஐந்தாறு மரம் அழகாகப் போயிற்று. ஏழாவது மரத்தில் வெள்ளை வட்டம் போட்டான். லேசாகச் சிவந்திருந்தது. பத்தாவது மரத்தில் போட்டது ரோசாக் கலர். அடுத்ததில் சிவப்புக் குறி. அதுவும் ரோசாக் கலர்.

துரை கிட்டே போய்ப் பார்த்தார். “சதாசிவம், இது வெட்டுற மரமா, வைக்கிற மரமா?”

“எனக்கே தெரியலைங்க, துரை.”

“அலமாக்!” மலாய்க்காரர்கள் மாதிரி முதல் ஆளாகக் கத்தினது ஐயாசாமிதான். “மரத்துக்குப் பூ வச்சு விட்டுட்டான்யா! ரோசாக் கலர் சதாசிவம்!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. துரை சிரிக்கவில்லை.

“கிராணி, போதும் இந்த விளையாட்டு. பழையபடி ரெண்டு ஆள்.”

ஐயாசாமிக்குக் கப்பல் தப்பியது. சதாசிவத்துக்குப் பெயர் ஒட்டிக்கொண்டது. லயத்துப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டன. பால்வாளி ஓட்டையானால் அவனிடம் கொண்டுபோவதை எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். அவன் பழையபடி சிவப்புப் பெயிண்டைத் தூக்கிக்கொண்டு, ஐயாசாமிக்கு நாலடி முன்னால் நடந்தான்.

இரண்டு மாசம் கழித்து, அடைமழை கொட்டிய ஒரு மத்தியானம் செல்லத்துக்கு வலி எடுத்தது. லயத்தின் அந்தக் கோடியிலிருந்து சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடிவந்தாள் காளியம்மா. சதாசிவத்தின் மனைவி.

கொஞ்ச நேரத்தில் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

“பொம்பளப் புள்ள, தம்பி. வந்து பாருங்க.”

உள்ளே போன ஐயாசாமியின் கண்ணில் முதலில் பட்டது குழந்தை இல்லை. காளியம்மா கொண்டுவந்து வைத்திருந்த தகரம்.

நடுவில் உயரமான தடுப்பு. அதன் தலையில் கைப்பிடி. உள்பக்கம் மடங்கிய வாய். ஒரு கொக்கியில் கரண்டி தொங்கியது, இன்னொன்றில் துணி. ஒரு பக்கம் விளக்கெண்ணெய், மறுபக்கம் ஓமத் தண்ணீர்.

குனிந்து பார்த்தான். அத்தனை தூரம் ஓடிவந்தும், தண்ணீரின்மேல் எண்ணெய் ஒரு பொட்டுகூட மிதக்கவில்லை.

“அண்ணி... இது ஏது?”

“இதுவா தம்பி? பெயிண்டுக்குன்னு உங்க அண்ணன் முதல்ல செஞ்சது. செம்மண் தண்ணி ஒரு பக்கம், சுண்ணாம்புத் தண்ணி ஒரு பக்கம் ஊத்தி மூணு தரம் மேடு ஏறி இறங்கினாரு. ‘சே, ஒரு சொட்டுகூடக் கலக்க மாட்டேங்குதே’ன்னு சலிச்சுக்கிட்டு, இதை மூலையிலே போட்டுட்டு மறுநாள் வேற செஞ்சாரு.”