நடந்து வந்தவர்

சித்ரா பௌர்ணமியன்று பளியங்குடியிலிருந்து கண்ணகி கோயிலுக்கு மலையேறிக்கொண்டிருந்தாள் ராஜாத்தி. பக்கத்தில் மூச்சு வாங்க ஏறி வந்தவர், கம்பத்துக்காரர் ரியாசுதீன்.

“நடக்குறது இதுதாம்மா முதத் தடவை. இம்புட்டுக் கஷ்டப்பட்டு ஏறுறோமே, மேல பாக்க நல்லா இருக்குமா?”

“என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீக! இடிஞ்சு கிடந்தாலும் அந்தக் கல்லுச் சுவரைவிட்டுக் கண்ணெடுக்க முடியாது. அங்கன நின்னா கம்பம் பள்ளத்தாக்கே காலுக்குக் கீழ கிடக்கும். வருசத்துல இன்னைக்கு ஒரு நாள்தானே உள்ள விடுறாக!”

“அப்ப நீங்க ஏற்கெனவே வந்திருக்கீக.”

“போன வருசம் குமுளியிலருந்து ஜீப்புல வந்தோம்ணே. ஒரு வளைவுல நிறுத்துங்க, பாத்துட்டு வாரோம்னு கெஞ்சுனேன். அந்த டிரைவர் முகத்தைக்கூடத் திருப்பல. ‘கண்ணிருந்தும் பாக்கத் தெரியாத மனுசன்’னு நல்லாத் திட்டிவிட்டேன். அதான் இந்த வருசம் நடை.”

ரியாசுதீன் சிரித்துக்கொண்டார்.

உச்சியில் செருப்பைக் கழற்றிவிட்டு, கற்சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார். “எப்படித்தான் இந்தக் கல்லையெல்லாம் இங்கன ஏத்துனாகளோ!” என்று வியந்தார்.

அப்போது ஆட்களை இறக்கிக்கொண்டிருந்த ஜீப்பிலிருந்து டிரைவர் கத்தினார். “ஏலே ரியாசு! சவாரி அள்ளுற நாள்ல வண்டியப் போட்டுட்டு இங்கன என்னலே பண்ற?”

ராஜாத்தி திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள்.

“இருபது வருசமா ஆளுகள வாசல்ல இறக்கிவிட்டுட்டு, அடுத்த நடைக்கு ஓடிருவேம்மா. உள்ள வந்தது இன்னைக்குத்தான். உங்க குரலைக் கேட்டதுமே அடிவாரத்துலயே தெரிஞ்சுபோச்சு. போன வருசம் நீங்க திட்டுனது என்னையத்தான்.”