ஆறிப்போகும் தேத்தண்ணி

தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் மழை விட்ட வெயில் விழுந்து கிடக்கிறது. நிறைமாதக்காரி ஷாமிலா இரும்புச்சத்துக் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நாத்தனார் சுலக்ஷனாவின் போனில் ஓடும் வீடியோவில் வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர், குளிசையைச் சூடான தேநீரோடு விழுங்கினால்தான் ரத்தம் ஊறும் என்று அடித்துச் சொல்கிறார். "அந்தாளு எந்த ஆஸ்பத்திரி? எதப் பாத்துச் சொல்றாரு?" என்கிறாள் பிள்ளைத்தாச்சிகளை வீடு வீடாகப் பார்க்க வந்து கதிரையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவமாது யூஜினா. சுலக்ஷனா வீடியோவை மேலும் கீழும் தள்ளிப் பார்க்கிறாள்; பேர்கூட இல்லை. "தேத்தண்ணி அந்தச் சத்த ஒடம்புல சேரவிடாது. நெறையப் பேர சோதிச்சுப் பாத்துத்தான் டாக்டர்மாரு எழுதியிருக்காங்க" என்கிறாள் யூஜினா. "நீங்களும் அப்படித்தான் போடுறீங்களா மிஸ்?" என்று ஷாமிலா கேட்கிறாள். யூஜினாவும் பிள்ளைத்தாச்சிதான். கைப்பையிலிருந்து தன் குளிசையை எடுத்துத் தண்ணீரோடு விழுங்குகிறாள். ஷாமிலா உள்ளே போய், இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணியைப் பூப்போட்ட கோப்பையில் கொண்டுவந்து நீட்டுகிறாள். வீடு தேடி வந்தவர் அதை வேண்டாமென்றால் லயத்தில் மனத்தாங்கலாகிவிடும். யூஜினா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறாள். பேச்சு மழைக்குத் தாவுகிறது. ஷாமிலாவின் கண் கோப்பையை விட்டு அசையவில்லை. ஒருமுறை கோப்பை யூஜினாவின் உதடு வரை போகிறது. கன்னத்தில் சூடு காட்டிவிட்டு, ஒரு வாய்கூடக் குறையாமல் மடிக்கு இறங்குகிறது. ஆவி மெலிந்து, நின்று, தேத்தண்ணியின் மேல் மெல்லிய ஏடு படிகிறது. ஷாமிலா குளிசையை நாக்கில் வைத்துக்கொண்டு தண்ணீர்ச் செம்பை எடுக்கிறாள்.